அல்லிராணி பெயரில் ஒரு கவர்னர் வீடு

விடிய ஐந்து மணிக்கு வவுனியாவில் மோட்டார் சைக்கிளை எடுத்தேன். செட்டிகுளம், பறையனாளங்குளம் தாண்டி முருங்கனில் தேத்தண்ணி குடிக்கும்போது வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. அங்கிருந்து சிலாவத்துறைப் பக்கம் திரும்பி, மன்னார்க் கரையில் அரிப்பு என்ற ஊருக்கு வந்து, 'டொரிக் பங்களா எங்கே' என்று நாலு பேரிடம் கேட்டேன். ஒருவருக்கும் பிடிபடவில்லை. படகடியில் வலையைத் தைத்துக்கொண்டிருந்த ஐயா ஒருவர்தான் நிமிர்ந்தார்.

"டொரிக்கோ? தம்பி, அல்லிராணி கோட்டையைக் கேக்கிறியளோ? நேர போங்கோ. கடல் மறிக்கும், அங்கதான்."

ஆண்களை அண்டவிடாமல் நாடாண்டு, கடைசியில் அர்ச்சுனனின் தந்திரத்துக்குள் அகப்பட்ட அதே அல்லிதான். அவள் தெற்கே குதிரைமலையில் இருந்து இந்தக் கரையை ஆண்டாள் என்பது இங்கத்தைய கதை. அரிப்பில் இருக்கும் பழைய பறங்கிக் கோட்டைக்கும் இதே பெயரைச் சொல்கிறார்கள். கண்டியில் பத்தொன்பது வருடத்துக்கு மேல் சிறைப்பட்டிருந்த ஆங்கில மாலுமி ரொபர்ட் நொக்ஸ், 1679இல் தப்பி அருவி ஆற்றோரமாகவே நடந்து வந்து சேர்ந்தது அந்தக் கோட்டைக்கு. நான் தேடி வந்தது கோட்டையே இல்லை, வீடு.

மண் மேட்டின் விளிம்பில் நிற்கிறது. கூரை இல்லை, மாடி இல்லை. செங்கல் சுவர்களும், சன்னல் இருந்த ஓட்டைகளும், முறிந்த தூண்களும்தான் மிச்சம். கடல் பக்கத்துச் சுவரில் ஒரு பகுதி கீழே அலைக்குள் கட்டிகட்டியாகக் கிடக்கிறது.

கட்டியவர் பிரெட்ரிக் நோர்த், இலங்கையின் முதல் ஆங்கிலக் கவர்னர். 1801க்கும் 1804க்கும் இடையில், முத்துக்குளிப்பைக் கிட்ட இருந்து மேற்பார்க்க இரண்டு மாடியில் எழுப்பிய வீடு இது. அந்த நாளில், சலாபம் என்ற முத்துக்குளிப்புக் காலம் வந்தால் இந்த வெறுங்கரை ஒரு பட்டணமாகிவிடும். கீழக்கரை, தூத்துக்குடிப் பக்கத்துக் குளியாட்கள், சிப்பியை ஆயிரக் கணக்கில் ஏலம் எடுக்கும் வியாபாரிகள், சுறாவின் வாயை மந்திரத்தால் கட்ட அரசாங்கமே சம்பளம் கொடுத்து வைத்திருந்த 'கடல்கட்டிகள்'. அழுகிய சிப்பியின் நாற்றம் எப்படி இருந்திருக்குமென்று யோசித்தால், மாடியில் படுத்த கவர்னரை நினைத்துக் கொஞ்சம் சிரிப்பு வருகிறது.

'டொரிக்' என்பது கிரேக்கத் தூண்களில் ஒரு வகை; வீட்டுக்கு அந்தப் பெயர் வந்தது இந்தத் தூண்களால்தான். சரி, இங்கே கிரேக்கத் தூண் ஏன்? மனிதர் கிரேக்கப் பைத்தியம். இலங்கைக்கு வருவதற்கு முன்னமே, 1791இல், கோர்பு தீவில் யாருக்கும் தெரியாமல் கிரேக்கத் திருச்சபையில் ஞானஸ்நானம் பெற்றவர். பிற்காலத்தில் அதே தீவில் 1824இல் அயோனியன் அக்கடமியை நிறுவியவரும் அவர்தான். இரண்டுக்கும் நடுவில் அந்த ஆசை கொஞ்சம் வன்னிக் கரையிலும் ஒதுங்கியிருக்கிறது. அவர் காலத்தில் இங்கே இருந்த பாதிரியார் ஜேம்ஸ் கோர்டினர், 1807இல் வெளிவந்த தன் நூலில், இந்தத் தீவிலேயே மிக அழகான கட்டடம் இதுதான், முறைப்படி திட்டமிட்டுக் கட்டியதும் ஏறக்குறைய இது ஒன்றுதான் என்று புகழ்ந்திருக்கிறார். அவருக்கு முறை என்றால் கிரேக்க முறை மட்டும்தான்போல.

கிரேக்கத்தில் தூணைக் கல்லில் செதுக்குவார்கள். இங்கே கல்லுக்கு எங்கே போவது? அப்பா மேசன் என்பதால் எனக்கு எந்தச் சுவரைக் கண்டாலும் பூச்சில்தான் முதலில் கண் போகும். பூச்சு உதிர்ந்த ஒரு தூணுக்குள் எட்டிப் பார்த்தேன். முழுக்கச் செங்கல். அதன் மேல் பூசியது சிப்பிச் சுண்ணாம்பு. முத்தை எடுத்தபின் வீசிய சிப்பியைச் சூளையில் சுட்டு, தண்ணீர் விட்டு நீற்றி, அரைத்துப் பூசித் தேய்த்தால் சலவைக்கல்போல மினுங்கும். அந்தச் சாந்து காற்றில் இருக்கும் கரியமில வாயுவை மெல்ல மெல்ல உறிஞ்சித் திரும்பவும் கல்லாக இறுகிவிடும். சூளைக்குப் போகுமுன் சிப்பி என்னவாக இருந்ததோ அதே பொருள்தான்.

உதிர்ந்து கிடந்த பூச்சுத் துண்டொன்றை எடுத்துப் பெருவிரலால் தேய்த்தேன். அப்பா அப்படித்தான் சாந்து பார்ப்பார். மா மாதிரி நைஸ். வேகாமல் தப்பிய ஒரு சிப்பித் துணுக்கு மட்டும், அரிசிக் குறுணி அளவில், வெயிலுக்கு நீலமும் ரோசாவுமாக மின்னியது. படம் எடுத்துப் பார்த்தேன். கைபேசியில் வெறும் வெள்ளையாகத்தான் விழுந்தது. துண்டை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன்.

திரும்பும்போது ஐயா அதே இடத்தில்தான் இருந்தார்.

"கண்டனீங்களோ?"

"ஓம் ஐயா. கனக்க விழுந்துபோச்சு."

"நாங்கள் பொடியளா இருக்கேக்க அதுக்கு முன்னால பந்தடிக்கிறனாங்கள்."

எந்தப் பக்கம் முன்பக்கம் என்று கேட்டேன். ஊசியால் கடலைக் காட்டினார்.