மார்பில் விழுந்த நிழல்

கோலாலம்பூரில் ஒரு தமிழ் நாளிதழில் பக்கம் போட்டுக்கொண்டிருந்த காலம். தைப்பூச இரவு. பத்துமலையிலிருந்து வந்து குவிந்த படங்களில் ஆசிரியர் முதல் பக்கத்துக்கு எடுத்தது ஒரு காவடிப் படம். 272 படிகளின் அடிவாரத்தில், கண் செருகிய நிலையில் ஓர் இளைஞன். அருமையான முகம். ஆனால் இடது ஓரத்திலிருந்து ஒரு கை தண்ணீர் பாட்டிலோடு உள்ளே நீண்டிருந்தது.

“அந்தக் கையை எடுத்துருப்பா, கண்ணை உறுத்துது.”

கிராப் செய்தால் காவடியின் மயிலிறகும் சேர்ந்து போய்விடும். சரி என்று, படத்தின் ஓரிடத்தை நகலெடுத்து இன்னோரிடத்தில் பூசும் க்ளோன் டூலை எடுத்தேன். பின்னால் நின்றவரின் மஞ்சள் வேட்டியைத் தொட்டுத் தொட்டுக் கையின் மேல் பூசினேன். பத்து நிமிட வேலை. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் ஓர் அம்மா போன் செய்தார். “அது எங்க மவன் தம்பி. பக்கத்துல தண்ணி கொடுத்துக்கிட்டு வந்த அவங்க அப்பாவைக் காணோமே?”

படத்தை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தேன். கையைத்தான் அழித்திருந்தேன், பையனின் மார்பில் அதன் நிழல் அப்படியே கிடந்தது.

வெளிச்சம் கூட்டுவது, குறைப்பதெல்லாம் இருட்டறைக் காலத்திலிருந்தே உண்டு. அதிலும் விஷமம் செய்யலாம். 1994இல், கொலை வழக்கில் கைதான அமெரிக்கக் கறுப்பின விளையாட்டு வீரர் ஓ. ஜே. சிம்சனின் போலீஸ் படத்தை இன்னும் கறுப்பாக்கி அட்டையில் போட்டது ‘டைம்’ இதழ். அதே படத்தை ‘நியூஸ்வீக்’ அப்படியே போட்டதால் கடையிலேயே குட்டு வெளிப்பட்டது. (நம் ஊரில் நடப்பது நேர்மாறு. பிரமுகர் முகம் என்றால் இரண்டு சுற்று வெளுத்துத்தான் அச்சுக்குப் போகும்.)

என் வேலைக்கு நெருங்கிய கதை செய்திப் படக்காரர் நர்சிசோ கான்ட்ரெராஸுடையது. சிரியாவில் எடுத்த படத்தின் மூலையில் சக செய்தியாளரின் வீடியோ கேமரா தெரிகிறதென்று அழித்தார். 2014இல் அவர் படம் அனுப்பிவந்த ஏபி (அசோசியேட்டட் பிரஸ்) செய்தி நிறுவனம் அவருடைய ஏறக்குறைய 500 படங்களைச் சோதித்தது. வேறெதிலும் தவறில்லை. அந்த ஒன்றுக்காகவே உறவை முறித்துக்கொண்டது. ஒரு கேமராவுக்கா இவ்வளவு என்று அந்தப் போன் வராதிருந்தால் நானும் கேட்டிருப்பேன்.

“இதுக்கெல்லாம் யாராவது திருத்தம் போடுவாங்களா?” என்றார் ஆசிரியர். போடவில்லை.

அந்த அம்மா சண்டைக்கு வரவில்லை. “அவரு கை இருக்கிற படம் ஒண்ணு கிடைக்குமா தம்பி, பிரேம் போடணும்” என்றார்.

நான் அசலின் மேலேயே சேவ் செய்திருந்தேன். மெமரி கார்டைப் படக்காரர் அடுத்த வேலைக்காகக் காலையிலேயே அழித்துவிட்டிருந்தார்.