சேவ் கணக்கை மறைத்துவிட்டு ரிலீவர்களை அடுக்கிப் பார்த்தேன்

டாப்ஸ் நிறுவனம் வெளியிட்ட பழைய பேஸ்பால் வீரர் அட்டைகளில் முன்பக்கப் படத்தைவிடப் பின்பக்கப் புள்ளிவிவரம்தான் எனக்கு உயிர். ஆடிய ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு வரி. நீண்ட காலம் ஆடியவர் என்றால் எழுத்து பொடியாகிவிடும். 1991 அட்டையில் பந்துவீச்சாளர் டென்னிஸ் எக்கர்ஸ்லியின் வரிகள் 1975இல் தொடங்குகின்றன. பூதக்கண்ணாடி வைத்துத்தான் படித்தேன்.

இந்த வாரம் ரிலீவர்களை, அதாவது ஆட்டத்தின் நடுவில் வந்து பந்து வீசுபவர்களை, தனியே பிரித்துத் தர வரிசைப்படி ஆல்பத்தில் வைக்கத் தொடங்கினேன். சிறுவயதில் 'சேவ்' எண்ணிக்கையை, அதாவது அணியின் முன்னிலையைக் காத்து எத்தனை ஆட்டங்களை முடித்துக்கொடுத்தார் என்பதை, வைத்தே அடுக்குவேன். அப்படிப் பார்த்தால் 1990இல் 57 சேவ் எடுத்துச் சாதனை படைத்த பாபி திக்பென்தான் முதலில் வர வேண்டும். ஆனால் மூன்று ரன் முன்னிலையில் கடைசி இன்னிங்ஸ் வீச வந்து, இரண்டு ரன் கொடுத்தாலும் சேவ் உண்டு. 2007இல் ஜோ போரோவ்ஸ்கி 5.07 ஈ.ஆர்.ஏ.வோடு (ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக அவர் கணக்கில் ஏறும் ரன், குறைந்தால் நல்லது) 45 சேவ் எடுத்து அமெரிக்கன் லீகில் முதலிடம் பிடித்தார். இதை எப்படி நம்புவது?

ஆகவே 'சேவ்' கணக்கை ஒதுக்கிவிட்டு, 'வாக்' பத்தியை எடுத்துக்கொண்டேன். நான்கு பந்துகளைத் தவறாக வீசினால் பேட்டர் அடிக்காமலே முதல் பேஸுக்குப் போவதுதான் வாக். பேட்டரைச் சும்மா முதல் பேஸுக்கு அனுப்பாதவரே நெருக்கடியில் நம்பத்தக்கவர் என்பது என் கட்சி. ஒன்பது இன்னிங்ஸுக்கு எத்தனை வாக் என்று கணக்கிட்டதில், 1990இல் திக்பென்னுக்கு 3.2 வந்தது. அதே ஆண்டில் எக்கர்ஸ்லி 73 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்து (மூன்று ஸ்ட்ரைக்கில் வெளியேற்றி), வெறும் 4 வாக் கொடுத்திருக்கிறார், கணக்கு 0.5. ஈ.ஆர்.ஏ. 0.61!

இருந்தும் முதல் உறையில் நான் வைத்தது டான் குவிசன்பெரியை. மரச்சட்டம் போட்டது போன்ற 1987 அட்டை அது. அவருடைய 1983 வரியைப் பாருங்கள்: 139 இன்னிங்ஸ், 11 வாக், 45 சேவ். ஸ்ட்ரைக் அவுட் 48தான். கையை இடுப்புக்குக் கீழே தாழ்த்தி வீசி, பந்தைத் தரையில் அடிக்கவைத்தே ஆட்களை வெளியேற்றுவார். இன்னிங்ஸ் கணக்கில் எக்கர்ஸ்லியின் 1990ஐப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு உழைப்பு, அதனால்தான் அவருக்கு முதலிடம்.

அட்டையில் கிடைக்காத கணக்கு ஒன்று உண்டு. ரிலீவர் வரும்போதே பேஸில் நிற்பவர்கள் ரன் எடுத்தால், அது முந்தைய பந்துவீச்சாளரின் கணக்கில் ஏறும், இவருடைய ஈ.ஆர்.ஏ. அசையாது. பழைய ஆட்டங்களின் விவரங்களைத் தொகுத்துவைக்கும் ரெட்ரோஷீட் பதிவுகளில் குவிசன்பெரியின் 1983 ஆட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, அப்படி நின்றவர்களில் எத்தனை பேர் ரன் எடுத்தார்கள் என்று குறித்து வருகிறேன். ஏப்ரல் மாத ஆட்டங்கள் முடிந்திருக்கின்றன.