பழைய ரோடு பைக்குக்கு அகல ரிம்: சக்கரம் வாங்கும் முன் பிரேக்கை அளந்துவிடுங்கள்

என் பழைய ரோடு பைக்குக்கு, அதாவது மெல்லிய டயர் போட்ட கியர் சைக்கிளுக்கு, அகல ரிம் போட்டேன். ஒருவழியாக பைக் ஓடுகிறது, பிரேக்கும் பிடிக்கிறது. ஆனால் அதற்குள் நான் பட்ட பாட்டில் பாதியாவது, விஷயம் தெரிந்த ஒருவர் முன்கூட்டியே பத்து நிமிடம் பேசியிருந்தால் மிச்சமாகியிருக்கும். அப்படி ஒருவரும் எனக்குக் கிடைக்கவில்லை. இதே வேலையில் இறங்கப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

என் பைக் 2009 மாடல். அலுமினிய பிரேம், கார்பன் ஃபோர்க், 9 ஸ்பீடு ஷிமானோ டியாக்ரா கியர் செட், கட்டைகள் ரிம்மையே இறுக்கிப் பிடிக்கும் இரட்டை பிவட் (இரண்டு அச்சு) ரிம் பிரேக். வந்த நாளிலிருந்து 23 மிமீ அகல டயர்தான், 110 பிஎஸ்ஐ காற்றுதான். கோவையிலிருந்து ஆனைகட்டி, சிறுவாணி ரோடு, எப்போதாவது மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி என்று ஓட்டுகிறவன் நான். அந்தக் காற்றில் ஒட்டுப்போட்ட ரோட்டில் போனால் மணிக்கட்டு வரைக்கும் அதிரும்.

ஆனால் சக்கரத்தை மாற்றியது சொகுசுக்காக அல்ல. பிரேக் கட்டை உரசும் இடத்தில் ரிம்மைச் சுற்றி மெல்லிய பள்ளமாக ஒரு கோடு இருக்கும். அது தேய்ந்து மறைந்துவிட்டால் அந்த ரிம்முக்கு வயது முடிந்தது என்று பொருள். என்னுடையதில் பின் சக்கரத்தில் கோடு சுத்தமாக இல்லை. இரும்பு ஸ்கேலை வைத்துப் பார்த்தால் நடுவில் குழி தெரிந்தது. இப்படித் தேய்ந்த ரிம்மின் சுவர், டயர் காற்றின் அழுத்தத்திலேயே பிளந்துவிடும். அது மலை இறங்கும்போது நடக்க வேண்டாம். எப்படியும் மாற்றத்தான் வேண்டும், மாற்றுவதை இப்போது எல்லோரும் போடும் அகல ரிம்மாக மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

முதலில் அளவு. என் பழைய ரிம்மின் உள்ளகலம் 15 மிமீ, வெளியகலம் 20. புதிதாக வருபவற்றில் உள்ளகலம் 19, 21 என்று இருக்கிறது. 25 என்று அச்சடித்த டயரை 15 மிமீ ரிம்மில் போட்டால் ஏறக்குறைய 25தான் இருக்கும். அதையே 19 மிமீ ரிம்மில் போட்டால் 26, 27 என்று விரிந்துவிடும். டயர் மேல் எழுதியிருக்கும் எண்ணை நம்பி பிரேமில் இடம் பார்க்கக் கூடாது. இடம் பார்க்க நல்ல வழி அலன் கீ. டயருக்கும் பிரேமுக்கும் நடுவே 4 மிமீ கீயை விட்டுப் பாருங்கள், பிறகு 5, பிறகு 6. எது தடையில்லாமல் போய்வருகிறதோ அதுதான் உங்கள் இடைவெளி. புது டயர் போட்ட பிறகும் 4 மிமீ கீ எல்லா இடத்திலும் போய்வர வேண்டும். பின்சக்கரத்தை இருபுறமும் பிடிக்கும் பிரேம் குழாய்களான செயின் ஸ்டே, சீட் ஸ்டே, ஃபோர்க்கின் மேல்முனை ஆகியவற்றைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். என் பைக்கில் மிகக் குறுகலான இடம் பிரேமிலேயே இல்லை, கட்டைகளைத் தாங்கும் கவ்வியான முன் பிரேக் காலிப்பரின் அடிவயிற்றில் இருந்தது. அங்கே பார்க்க மறக்காதீர்கள்.

கடைகளில் நடந்ததைச் சொல்ல வேண்டும். பழைய சைக்கிள் சாமான் கடை ஒன்றில் 28 இஞ்ச் ரிம் இருக்கிறது, அதுதான் உங்களுக்கு வரும் என்று அடித்துச் சொன்னார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு, ஐரோப்பிய ரோடு டயர்கள் பலவற்றில் 28 என்று அச்சடித்தே இருக்கும். ஆனால் நம் ஊர் பெரிய சைக்கிளின் 28 இஞ்ச் வேறு, இது வேறு. டயர் உட்காரும் விட்டம் அதில் 635 மிமீ, ரோடு பைக்கின் 700சி சக்கரத்தில் 622. பதின்மூன்று மிமீ வித்தியாசத்தில் டயரும் ஏறாது, பிரேக் கட்டையும் எட்டாது. இஞ்ச் கணக்கை மறந்துவிட்டு, டயர் பக்கவாட்டில் 23-622 மாதிரி எழுதியிருப்பதில் 622 என்ற எண்ணை மட்டும் கேளுங்கள்.

அப்புறம் பெரிய கடை ஒன்று. கண்ணாடிக் கதவு, ஏசி, சுவரெல்லாம் கார்பன் பைக். கவுண்டரில் இருந்தவர் என் பைக்கை எட்டிக்கூடப் பார்க்காமல், “ரிம் பிரேக்கெல்லாம் இப்ப யாருமே போடறதில்லைங்க சார், டிஸ்க் பைக்கா எடுத்துக்கங்க” என்றார். சக்கரம் மட்டும் போதும் என்று திரும்பவும் கேட்டேன். “ஒம்பது ஸ்பீடு கேசட் புது ஹப்புல ஏறாதுங்க, கியர் செட்டே மாத்தோணும்” என்றார். கேசட் என்பது பின்சக்கரத்தின் பல்சக்கர அடுக்கு, ஹப் என்பது அது ஏறும் சக்கரத்தின் நடுப்பகுதி. அவர் சொன்னது தவறான தகவல். ஷிமானோவின் 11 ஸ்பீடு ரோடு ஹப்பில் 8, 9 ஸ்பீடு கேசட்டுகள் ஏறும், உள்ளே 1.85 மிமீ தடிமனுள்ள ஒரு வாஷரைப் போட்டால் போதும். கையளவு வளையம் ஒன்றுக்குப் பதிலாக முழு கியர் செட்டையும் விற்கப் பார்த்தார்கள். எத்தனை பேர் நம்பிப் பணத்தைக் கொடுத்திருப்பார்களோ என்று நினைத்தால் இன்னமும் வயிறு எரிகிறது.

சரி என்று ஆன்லைனில் ஆர்டர் செய்தேன். விவரத்தில் 700சி, ரோடு பைக், குயிக் ரிலீஸ் அச்சு என்று தெளிவாக இருந்தது. ரிம் பிரேக்குக்கானதா என்று கேட்டதற்கு ஆமாம் என்று பதிலும் வந்தது. வந்து இறங்கியதோ டிஸ்க் சக்கரம். ஹப்பில் டிஸ்க் மாட்டும் ஆறு துளைகள், ரிம்மில் பிரேக் கட்டை உரசுவதற்கான சமமான பட்டையே கிடையாது. பின் ஹப்பின் அகலம் 135 மிமீ, என் பிரேமுக்கு வேண்டியது 130. போன் செய்தால், டிஸ்க்கை மாட்டாமல் விட்டால் சரியாகிவிடும், பிரேமைக் கொஞ்சம் விரித்து உள்ளே தள்ளுங்கள் என்கிறார் எதிர்முனையில் இருந்தவர். இரும்பு பிரேமை விரித்துப் பொருத்துகிறவர்கள் உண்டு. அலுமினிய பிரேமை அப்படிச் செய்யவே கூடாது, விரிசல் விடும். பணம் திரும்ப வரக் காரணம் இரண்டு: கேட்ட கேள்வியும் வந்த பதிலும் எழுத்தில் இருந்தன, ஹப்பின் மேல் வெர்னியர் அளவுகோல் வைத்து எடுத்த போட்டோவும் இருந்தது. எதைக் கேட்டாலும் எழுத்தில் கேளுங்கள். பெட்டியைப் பிரித்ததும் அளந்து படம் எடுத்துவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள்.

கடைசியில் ஸ்போக்ஸ் பின்னித் தரும் ஒருவரைப் பிடித்து, உள்ளகலம் 19, வெளியகலம் 24, பின் ஹப் 130 என்று எழுதிக் கொடுத்தேன். அருமையாகக் கட்டிக் கொடுத்தார், கோட்டமே இல்லை. கேசட்டுக்கு வேண்டிய வாஷரையும் கேட்காமலே பையில் போட்டிருந்தார்.

இதற்கு மேல் பெரிதாக ஒன்றும் இல்லை என்றுதான் யாரும் நினைப்பார்கள். உண்மையான வேலை இங்கேதான் தொடங்கியது.

ரிம் 20லிருந்து 24 ஆனதால் பக்கத்துக்கு 2 மிமீ பிரேக் கட்டை வெளியே நகர வேண்டும். இரட்டை பிவட் பிரேக்கில் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவே இருப்பதே ஒன்று, ஒன்றரை மிமீதான். கேபிளைத் தளர்த்தினால் காலிப்பரின் கைகள் விரியும், ஆனால் கட்டை ரிம்மைத் தொடும் உயரமும் கோணமும் மாறிவிடும். இரண்டு கைகளும் வெவ்வேறு வளைவில் நகர்வதால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மாறாது. கட்டை மேலே ஏறினால் டயரின் பக்கச் சுவரை அறுக்கும். கீழே இறங்கினால் ரிம்மை விட்டு நழுவி ஸ்போக்ஸுக்குள் போகும். இரண்டுமே ஆபத்து. கேபிள், கேசட், புது 25 மிமீ டயர் எல்லாவற்றையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று ஒரு சர்வீஸ் கடையில் விட்டேன்.

திரும்ப எடுக்கப் போனபோது வழக்கம்போல லிவரை அழுத்திப் பார்த்தேன். ஹேண்டில்பார் வரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. காரணம், காலிப்பரில் இருக்கும் குயிக் ரிலீஸ் முழுக்கத் திறந்திருந்தது. “ரிம் அகலமுங்க சார், அதைத் தெறந்து வெச்சாத்தான் உரசாமப் போகும்” என்கிறார் மெக்கானிக். அந்தச் சின்ன லிவர், சக்கரத்தைக் கழற்றும்போது டயர் வெளியே வருவதற்காக இருப்பது. திறந்து வைத்து ஓட்டுவதற்காக அல்ல. குனிந்து பார்த்தால் இன்னொன்று. கட்டையைத் தாங்கும் உலோகக் கூடு தலைகீழாக, திறந்த வாய் முன்பக்கம் பார்க்க மாட்டியிருந்தது. பிரேக் பிடிக்கும்போது ரிம் கட்டையை முன்னால் இழுக்கும். மூடிய முனை முன்னால் இருந்தால்தான் அது தாங்கும். திறந்த முனை முன்னால் இருந்தால் கட்டையைப் பிடித்திருப்பது ஒரு சின்ன ஸ்க்ரூ மட்டுமே. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் 33 கிமீ, பெரும்பாலும் இறக்கம்தான். பார்க்காமல் அதில் இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கக்கூட விருப்பமில்லை. நல்ல கடையோ பழகிய கடையோ, பிரேக்கில் கை வைத்த பைக்கை நீங்களே குனிந்து பார்க்காமல் ஏறாதீர்கள்.

பைக்கை அப்படியே வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்து நானே உட்கார்ந்தேன்.

முதலில் பழைய கட்டைகளைக் கழற்றினேன். கல்லாக இறுகி, உள்ளே அலுமினியத் துகள்கள் பதிந்திருந்தன. அந்தத் துகள்கள்தான் ரிம்மை அரைத்துத் தின்பது. புது ரிம்மில் பழைய கட்டையை மாட்டவே கூடாது. மாற்றுக் கட்டை கேட்டால் ஒரு கடையில் மவுண்டன் பைக்கின் வி-பிரேக் கட்டையைக் கொடுத்தார்கள். அதன் நீளம் வேறு, ரோடு காலிப்பருக்குச் சரிப்படாது. இன்னொரு கடையில் விலை அதிகமானதுதான் நல்லது என்று கார்பன் ரிம் கட்டையை எடுத்து நீட்டினார்கள். அலுமினிய ரிம்முக்கு அலுமினியக் கட்டைதான் போட வேண்டும். ஷிமானோவில் ஆர்55சி4 என்பது அலுமினிய ரிம்முக்கானது. பின்னால் அதையே போட்டேன். முன்னால், மழைக்குப் பெயர்பெற்ற கூல்-ஸ்டாப்பின் சால்மன் நிறக் கட்டை. தென்மேற்குப் பருவத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் தூறலில் ஆனைகட்டி ரோட்டில் ஓட்டுகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். ஈர ரிம்மில் பிடிக்கிற பிடியில் வித்தியாசம் கையிலேயே தெரிகிறது.

கூடு எப்படிப்பட்டது என்பதும் முக்கியம். குழிந்த வாஷரும் புடைத்த வாஷரும் சேர்ந்து வரும் கூடாகப் பார்த்து வாங்குங்கள், அப்போதுதான் கட்டையை எந்தக் கோணத்துக்கும் திருப்ப முடியும். கட்டையின் பின்முனையில் மடித்த காகிதம் ஒன்றை வைத்து, லிவரை அழுத்திப் பிடித்தபடி போல்ட்டை முறுக்கினால் முன்முனை முதலில் தொடும்படி அமையும், கீச்சுச் சத்தம் வராது. முறுக்கு 5 முதல் 7 நியூட்டன் மீட்டர்.

இவ்வளவு செய்தும், குயிக் ரிலீஸை மூடினால் பின்பக்கக் கட்டை ரிம்மை லேசாக உரசியது. புதுக் கட்டையின் தடிமன்தான் காரணம். தரையில் உப்புத்தாளை விரித்து, கட்டையின் முகத்தைச் சமமாகத் தேய்த்து ஏறக்குறைய ஒரு மிமீ எடுத்தேன். அவ்வளவுதான், குயிக் ரிலீஸ் முழுக்க மூடிய நிலையில் இரண்டு பக்கமும் இடைவெளி வந்தது. அந்த நேரத்தில் வந்த சந்தோஷத்தைச் சக்கரம் வந்த அன்றுகூட நான் உணரவில்லை.

ஓட்டுவதற்கு முன் ரிம்மை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துவிடுங்கள். புது ரிம்மில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். பிறகு காலி ரோட்டில் கொஞ்சம் வேகம் எடுத்து, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் அழுத்தி வேகத்தைக் குறைத்து, மறுபடி வேகம் எடுத்து என்று திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். முதலில் பிடி சுமாராகத்தான் இருக்கும், பிறகு வந்துவிடும்.

ஆனாலும் முதல் நீண்ட சவாரியிலேயே பஞ்சர். ட்யூபைக் கழற்றிப் பார்த்தால் ஓட்டை ரோட்டுப் பக்கம் இல்லை, ரிம் பக்கம். அப்போதே புரிந்தது. அந்த சர்வீஸ் கடையில் பழைய குறுகிய ரிம் டேப்பையே புது ரிம்மிலும் சுற்றியிருக்கிறார்கள். அது ஒதுங்கி ஸ்போக் துளையின் விளிம்பு வெளியே தெரிந்தது, காற்றழுத்தத்தில் ட்யூப் அதற்குள் பிதுங்கி அறுந்திருக்கிறது. அகல ரிம்முக்கு அதன் உள்ளகலத்துக்கு ஏற்ற அகல டேப் வேண்டும். ட்யூபின் உள்பக்கம் ஓட்டை விழுந்தால் டயரில் முள் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம், டேப்பைப் பாருங்கள்.

கியரில் பெரிய வேலை இல்லை, செயின் ஓரம் தாண்டாமல் தடுக்கும் லிமிட் ஸ்க்ரூவைக் கொஞ்சம் திருப்பினேன். ஸ்பீடோமீட்டரில் 2096 மிமீ என்று இருந்த சக்கரச் சுற்றளவை 2105 ஆக்கினேன்.

இப்போது 72 கிலோ எடைக்கு முன்னால் 75, பின்னால் 80 பிஎஸ்ஐ. மணிக்கட்டு அதிர்வு போய்விட்டது. கோத்தகிரி இறக்கத்தில் கொண்டை ஊசி வளைவுகளில் லிவரை விரல் நுனியால் அழுத்தினாலே போதும். காற்று நிரம்பிய டயர் கட்டைகளுக்கு நடுவே வெளியே வராது, சக்கரம் கழற்ற காலிப்பரின் குயிக் ரிலீஸைத் திறக்க வேண்டும். சக்கரத்தைத் திரும்ப மாட்டியதும் அதை மூடிவிட்டேனா என்று பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொண்டேன்.

இதே வயதுள்ள பைக் வைத்திருக்கும் நண்பர்கள் 28 மிமீ டயர் போகுமா என்று கேட்கிறார்கள். என் பைக்கில் போகாது. 25 டயர் 27 ஆக விரிந்த நிலையிலேயே முன் காலிப்பருக்கு அடியில் 4 மிமீ அலன் கீ போகிறது, 5 போகவில்லை. 28 வேண்டுமென்றால் முதலில் பிரேமிலும் ஃபோர்க்கிலும் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இடம் இருந்து, பிரேக் போல்ட்டிலிருந்து கட்டை வரைக்கும் 47 முதல் 57 மிமீ எட்டக்கூடிய காலிப்பர் உங்கள் பைக்குக்குப் பொருந்தினால் தாராளமாகப் போடலாம். என்னுடையது 39 முதல் 49 மிமீ எட்டும் வகை.