லண்டாஸ் முடியும்வரை

டிசம்பர் 4

இன்றும் மழை. லண்டாஸ், சரவாக்கின் வடகிழக்குப் பருவமழை. பாக்கோ தேசியப் பூங்கா பக்கம் கடல் கொந்தளிப்பாம். படகுக்காரர் போனையே எடுக்கவில்லை.

டிசம்பர் 5

பாக்கோவின் லிந்தாங் பாதையில் எடுத்த படங்களை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தேன். மணல் மேட்டில், கெராங்காஸ் எனும் சத்தில்லாத மண்ணில் வளரும் காட்டுக்குள், குட்டையான மரம். கை எட்டாத உயரத்தில் அந்த எறும்புச்செடி, கிழங்குக்குள் எறும்பு குடியிருக்கும் செடி. கிழங்கு அழகாக விழுந்திருக்கிறது, துளைகள்கூடத் தெரிகின்றன. தண்டுதான் பாதி. மேல்பாதியை ஒரு இலை மறைத்துவிட்டது.

எல்லாரும் கிழங்கைத்தான் படமெடுப்பார்கள். பெயர் கண்டுபிடிக்க அதை நம்பினால் கதை கந்தல். ஒரே இனம் ஓரிடத்தில் உருண்டையாக இருக்கும், இன்னோரிடத்தில் கிளையோடு ஒட்டிச் சப்பையாக இருக்கும். தண்டு வேண்டும், பூ வேண்டும், காய் வேண்டும். என்னிடம் இருப்பது கிழங்கு.

டிசம்பர் 6

முழங்கால் மடங்கவில்லை.

டிசம்பர் 9

சார் பேசினார். படம் பார்த்தாராம். "தண்டு தடிமனைப் பார் தம்பி, மிர்மெகோடியாதான்" என்று ஒரே போடாகப் போட்டார்.

எனக்கு அது இன்னொரு எறும்புச்செடிப் பேரினமான ஹிட்னோபைட்டம். முள் எங்கே சார் என்று கேட்டேன். மிர்மெகோடியா டியூபரோசா என்ற இனத்தின் கிழங்கில் முள் இருக்க வேண்டும். அந்த முட்களே வேர்கள்தான், மாறிப்போன வேர்கள். தண்டிலும் கேடயம் கேடயமாகத் தடிப்புகள் இருக்கும், ஓரமெல்லாம் முள். பூ அந்தத் தடிப்புகளுக்கு இடையிலுள்ள குழிகளுக்குள் ஒளிந்துகொண்டு பூக்கும். ஹிட்னோபைட்டத்தில் இந்த ஆர்ப்பாட்டம் ஒன்றும் கிடையாது. மொழுக்கென்ற கிழங்கு, கிளைவிட்ட மெல்லிய தண்டுகள், கணுவில் குட்டி வெள்ளைப் பூ, நாலே இதழ்.

"முள் உதிர்ந்திருக்கும் தம்பி" என்றார். உதிர்ந்திருக்கலாம். இருந்தாலும் கோபம் வந்தது.

டிசம்பர் 10

கிழங்கின் இடது ஓரத்தில் ஏதோ கறுப்பாக நீட்டிக்கொண்டிருக்கிறது. முள்ளா, நிழலா?

டிசம்பர் 11

நிழல்.

டிசம்பர் 12

முள்ளாகவும் இருக்கலாம்.

டிசம்பர் 15

எறும்பை வைத்துச் சொல்லலாமே என்று தங்கை கேட்டாள். நல்ல கேள்வி. இந்தோனேசியாவின் ஆம்போன் தீவில் இருந்த பழைய இயற்கையியலாளர் ரம்பியஸ் அதைத்தான் செய்தார். கறுப்பெறும்பின் முளைவிட்ட கூடு ஒன்று, சிவப்பெறும்பினுடையது இன்னொன்று என்று பிரித்து எழுதிவைத்தார். கூட்டிலிருந்தே செடி முளைக்கிறது என்று நினைத்த மனிதர். அவர் 1702இல் இறந்தார், புத்தகம் 1741இல்தான் வரத் தொடங்கியது.

ஆனால் இங்கே எறும்பு சாட்சி சொல்லாது. அன்றைக்கு ஒரு மரத்தடியில் தாழ்வாக இருந்த கிழங்கை விரல் நுனியால் தட்டினேன். அடுத்த நொடி எல்லாத் துளைகளிலிருந்தும் கொப்பளித்து வந்தன. சின்ன, பழுப்பு எறும்புகள். கொடுக்கு இல்லை, கடிக்கும். அதே எறும்புதான் பக்கத்தில் டிஸ்கிடியா என்ற கொடியின் பை போன்ற இலைக்குள்ளும் போய்வந்துகொண்டிருந்தது. பாக்கோவிலேயே சூழலியலாளர் ஜான்சன் இதையெல்லாம் பார்த்து 1974இல் எழுதினார். ஒரே மரத்தில் நாலு வகைச் செடியிலும் ஒரே கூட்டம் குடியிருந்தால் எறும்பைக் கேட்டு என்ன பயன்?

டிசம்பர் 19

தூக்கம் வரவில்லை. தாவரவியலாளர் வில்லியம் ஜாக்கைப் பற்றியே யோசனை.

ஹிட்னோபைட்டம், மிர்மெகோடியா இரண்டு பேரினங்களுக்கும் பெயர் வைத்தவர் அவர்தான். பெயர்கள் 1823இல் அச்சாயின. அவர் 1822இலேயே போய்விட்டார், வயது 27. 1824 பிப்ரவரியில் ஜாக்கின் புரவலர் ராஃபிள்ஸ் ஏறிய கப்பல் 'ஃபேம்' சுமத்ரா கரையருகே தீப்பிடித்தது. ஜாக் சேர்த்துவைத்தவையும் அதில் சாம்பல். ஆக, பெயர் பத்திரமாக இருக்கிறது. "இந்தச் செடிக்குத்தான் வைத்தேன்" என்று காட்ட அவர் கையிலிருந்த செடி இல்லை.

அதன்பிறகு ஒவ்வொரு தீவிலும் ஒவ்வொருவர் கொஞ்சம் முள் கூடினால் ஒரு பெயர், இலை நீண்டால் ஒரு பெயர் என்று வைத்துக்கொண்டே போனார்கள். 1993இல் தாவரவியலாளர்கள் ஹக்ஸ்லியும் ஜெப்பும் உட்கார்ந்து அதில் ஒரு குவியலை டியூபரோசா என்ற ஒரே பெயருக்குக் கீழ் தள்ளினார்கள். உள்ளே தெரிகிற வேறுபாடுகளுக்கு 'ஆர்மேட்டா' என்பது போல மேற்கோள் குறிக்குள் தற்காலிகப் பெயர். சிலருக்கு அது பிடிக்கவில்லை, அரைகுறை வேலை என்கிறார்கள். எனக்குப் பிடித்திருக்கிறது. காட்டில் நின்று பார்த்தவர்களுக்குத்தான் அந்தத் தயக்கம் வரும்.

மணி மூன்று. முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்க மறந்துவிட்டேன்.

டிசம்பர் 20

நிழல்தான். சாரிடம் சொல்லவில்லை.

டிசம்பர் 24

"வெட்டிப் பார்த்தால் முடிந்தது" என்கிறார் சார். அனுமதி இல்லாமல் அங்கே இலைகூடக் கிள்ளக் கூடாது. அனுமதி இருந்தாலும் மனசு வராது. வெட்டினாலும் இந்தச் சண்டை தீராது, அறைகள் இரண்டு பேரினத்திலும் உண்டு.

முன்பொருமுறை, வேறொரு காட்டில், விழுந்து அழுகத் தொடங்கிய ஒன்றைப் பிளந்து பார்த்திருக்கிறேன். சில அறைகளின் சுவர் வழவழவென்று காய்ந்த பழுப்பு. அங்கே வெள்ளை வெள்ளையாகப் புழுக்கள், கூட்டுப்புழுக்கள். சில அறைகளில் சுவர் முழுக்கப் பரு, கறுப்பு, ஈரம். குப்பையும் செத்த பூச்சித் துண்டுகளும் அங்கேதான். அந்தப் பரு வழியாகச் செடி சத்தை உறிஞ்சுகிறது என்று ஹக்ஸ்லி 1978இல் காட்டினார். குப்பை போடும் இடமே அடுக்களை. இத்தனைக்கும் எறும்பு ஒரு அறையைக்கூடத் தோண்டுவதில்லை. எறும்பே அண்டாமல் வளர்த்தாலும் குடைவுகள் தாமாக வரும் என்று தாவரவியலாளர் ட்ரூப் 1883இலேயே ஜாவாவின் போகோரில் பார்த்துவிட்டார்.

டிசம்பர் 25

மழை.

டிசம்பர் 29

காற்று இரவு முழுக்க. அந்த மரத்தின் கிளை பட்டுப்போனது என்று அப்போதே தோன்றியது.

ஜனவரி 2

வனக்காவலர் படம் அனுப்பியிருக்கிறார். கிளை முறிந்துவிட்டது. செடி மணலில் கவிழ்ந்து கிடக்கிறது. எறும்புகள் வெள்ளைக் குஞ்சுகளைக் கவ்விக்கொண்டு வரிசையாக வெளியேறுகின்றன. பார்க்கவே சங்கடமாக இருந்தது.

அப்புறம்தான் கவனித்தேன். தண்டு முழுசாகத் தெரிகிறது. கணுவில் ஆரஞ்சு நிறத்தில் பழம்!

சந்தோஷப்பட்டதற்கு வெட்கமாகவும் இருக்கிறது.

ஜனவரி 3

காவலரிடம் கேட்டிருக்கிறேன். செடியை எடுக்க வேண்டாம், ஒரே ஒரு பழத்தை நசுக்கிப் பாருங்கள், உள்ளே எத்தனை கொட்டை என்று மட்டும் சொல்லுங்கள். இரண்டு என்றால் ஹிட்னோபைட்டம். இரண்டுக்கு மேல் என்றால் சார் ஜெயித்தார்.

ஜனவரி 4

பதில் இல்லை.

ஜனவரி 5

பதில் இல்லை. சார் மட்டும் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை கேட்டுவிட்டார். பழத்தைப் பறவை கொத்தியிருந்தால்?

ஜனவரி 7

வந்துவிட்டது. கட்டைவிரல் நகத்தின்மேல் பழத்தின் பிசின், அதில் ஒட்டிக்கொண்டு இரண்டு கொட்டை. பக்கத்தில் மூன்றாவதாகச் சின்னதாக ஒன்று. கொட்டையா, மணலா? படம் கலங்கல். துடைத்துவிட்டு இன்னொன்று எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.