ஆங்குலர் 3 எங்கே போனது?

வெப் ஆப் எழுதப் பயன்படும் கூகுளின் ஃப்ரேம்வொர்க்கான ஆங்குலரைப் பற்றி, டீமில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. 2016 செப்டம்பரில் ஆங்குலர் 2 வந்தது, 2017 மார்ச்சில் நேரே 4. ஆப்பில் ஒரு பக்கத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும் ரவுட்டர் பேக்கேஜ் மட்டும் ஏற்கெனவே 3 என்ற எண்ணில் இருந்ததால், எல்லாவற்றையும் ஒரே எண்ணுக்குக் கொண்டுவர 3-ஐத் தாண்டிவிட்டார்கள். அவ்வளவுதான்.

உண்மையான தாவல் அதற்கு முந்தையது. 2010-இல் வந்த ஆங்குலர்ஜேஎஸ்ஸுக்கும் ஆங்குலர் 2-க்கும் பெயரைத் தவிர ஒற்றுமை குறைவு. பழையதில் இருந்த ஸ்கோப், கன்ட்ரோலர் எல்லாம் போய், ஜாவாஸ்கிரிப்ட்டோடு டைப் சேர்ந்த டைப்ஸ்கிரிப்டும், திரையைத் துண்டு துண்டாகக் கட்டும் காம்பொனென்ட்டும் வந்தன. இரண்டையும் சேர்த்து ஓட்ட வழி கொடுத்தார்கள், ஆனாலும் வேலை என்னவோ திரும்ப எழுதுவதுதான். அப்போது பலர் போட்டியாக இருந்த ரியாக்ட் பக்கம் போனதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

அதற்குப் பிறகு ஆங்குலர் குழு நடந்துகொண்ட விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆறு மாதத்துக்கு ஒரு பெரிய வெளியீடு. எதை நீக்கப்போகிறார்கள் என்று முன்கூட்டியே அறிவிப்பு. 9-இல் ஐவி வந்தபோது, நாம் எழுதுவதை பிரௌசரில் ஓடும் கோடாக மாற்றும் கம்பைலரே மாறியது. ஆனாலும் நம் டெம்ப்ளேட்டுகள் (திரைக்கான ஹெச்டிஎம்எல்) பெரும்பாலும் அப்படியே ஓடின. மாட்யூல் என்ற தொகுப்பில் சேர்த்து அறிவிக்கத் தேவைப்படாத ஸ்டாண்டலோன் காம்பொனென்ட் 14-இல் முன்னோட்டமாக வந்தது, 15-இல் உறுதியானது, 19-இல் அதுவே டிஃபால்ட். 16-இல், மதிப்பு மாறியதும் தெரிவிக்கும் சிக்னல்ஸ். 17-இல் டெம்ப்ளேட்டுக்குள் இஃப், ஃபார் எழுதப் புது முறை; பழைய கோடை மாற்ற ஒரே ஒரு கட்டளை. அந்த மாற்றுக் கட்டளைகளை உட்கார்ந்து எழுதியவர்களுக்கு என் மனமார்ந்த நன்றி.

இன்னும் 8, 9-இல் நிற்கிற ப்ராஜெக்ட் வைத்திருப்பவர்கள் ஒரே தாவலில் மேலே வரப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு வெளியீடாக ஏற்றுங்கள், ஒவ்வொன்றிலும் டெஸ்ட் ஓடவிட்டு அப்புறம் அடுத்ததுக்குப் போங்கள்.