பாதியில் நிறுத்த முடியாத ஆட்டம்

"சாப்பிட வாடா" என்றால் "இதோ, அஞ்சு நிமிஷம்மா" என்கிறான் அக்கா பையன். அவன் பொய் சொல்லவில்லை. பிஜிஎம்ஐ மாதிரி, போனில் பலர் ஆன்லைனில் சேர்ந்து ஆடும் துப்பாக்கிச் சண்டை ஆட்டத்தைப் பாதியில் நிறுத்தி வைக்க முடியாது, இவன் எழுந்து போனால் ஸ்குவாடில், அதாவது இவன் அணியில், மிச்சமிருக்கும் மூன்று பேர் மாட்டிக்கொள்வார்கள், ஒரு மேட்ச் அரை மணி நேரம்கூட இழுக்கும், அதற்குள் சோறு ஆறிவிடும், வீட்டில் சண்டையும் வந்துவிடும். பெரியவர்கள் தூங்கிய பிறகுதான் கூட்டாளிகள் எல்லோரும் ஆன்லைனில் சேர்கிறார்கள். அப்புறம் காலை வகுப்பில் தூக்கம், மார்க் இறக்கம், யார் கேட்டாலும் எரிச்சல். எனக்கு அவனை நினைத்து உண்மையிலேயே பயமாக இருக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் இந்த ஆட்ட அடிமைத்தனத்தை நோய்ப் பட்டியலில் சேர்த்தது. எத்தனை மணி நேரம் ஆடுகிறான் என்பது அங்கே அளவுகோல் இல்லை. கட்டுப்பாடு போய்விட்டதா, மற்ற எல்லாவற்றையும் ஆட்டம் பின்னுக்குத் தள்ளுகிறதா, கெடுதல் தெரிந்தும் தொடர்கிறதா, பொதுவாக 12 மாதமாவது இப்படி இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள்.

போனைப் பிடுங்கி உடைக்காதீர்கள். அடுத்த மேட்ச் தொடங்கும் முன் பேசுங்கள். கைமீறினால் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் இதற்கென்றே ஒரு கிளினிக் 2014 முதல் இருக்கிறது.