கரும்பலகையில் ஒரு கோடு

கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்துகிறவனுக்கு இலக்கியத்தைவிட அட்டவணைகளோடுதான் அதிகப் புழக்கம். வருகைப்பதிவேடு, உள்மதிப்பீடு, பருவத்தேர்வுக்கு ‘முக்கிய வினாக்கள்’. அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் டோனி மாரிசனின் ‘பிலவ்ட்’ நாவலையும் சில ஆண்டுகள் அப்படித்தான் ஒப்பேற்றினேன். வன்முறை, இன ஒடுக்குமுறை, அடையாளத் தேடல் என்று மூன்று தலைப்பு. தலைப்புக்கு ஐந்து குறிப்பு. எல்லோரும் தேர்ச்சி பெற்றார்கள்.

1987-இல் வெளிவந்த அந்த நாவலுக்கு விதை ஓர் உண்மைச் சம்பவம். 1856 ஜனவரியில் மார்கரெட் கார்னர் என்ற அடிமைப் பெண், உறைந்து கிடந்த ஒஹையோ ஆற்றைக் குடும்பத்தோடு கடந்து, அடிமைமுறை இருந்த கென்டக்கியிலிருந்து, அது இல்லாத ஒஹையோ மாநிலத்தின் சின்சினாட்டிக்குத் தப்பினார். பிடிக்க வந்தவர்கள் வீட்டைச் சூழ்ந்ததும், மீண்டும் அடிமையாகக் கூடாது என்று தன் இரண்டு வயது மகளைக் கத்தியால் கொன்றார். நாவலில் அந்தத் தாய் செதா. கத்திக்குப் பதில் ரம்பம். அந்தப் பக்கங்களை நடத்தும்போது மட்டும் வகுப்பு கப்சிப் என்றிருக்கும். நாவலின் வன்முறை முழுவதும் அங்கேதான் இருக்கிறது என்று நானும் நினைத்திருந்தேன்.

ஒரு நாள் கரும்பலகையில் நடுவே கோடு கிழித்து, இடப்பக்கம் ‘தாய்’, வலப்பக்கம் ‘கொலையாளி’ என்று எழுதி, செதாவின் குணங்களைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். நாவலை உண்மையாகவே படித்துவிட்டு வருகிற அபூர்வப் பிறவி.

“சார், அந்த வாத்தியாரும் இப்படித்தானே எழுதச் சொல்கிறார்?”

சாக்பீஸ் கையிலேயே நின்றுவிட்டது. நாவலில் செதா அடிமையாக இருந்த பண்ணையை நிர்வகிக்க வருகிற வெள்ளைக்காரருக்குப் பெயரே கிடையாது. வெறும் பள்ளி வாத்தியார். செதாவின் மனித குணங்களை இடப்பக்கமும் விலங்கு குணங்களை வலப்பக்கமும் எழுதும்படி மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார். செதா அதைத் தற்செயலாகக் கேட்டுவிடுகிறாள். அவர் எழுதப் பயன்படுத்திய மையைக் காய்ச்சிக் கொடுத்தவளும் அவள்தான். சாட்டையின் தழும்பு முதுகில் மரம்போலக் கிளைத்திருக்க, அவளை உள்ளுக்குள் அரிப்பது அந்த மை. இதை நான் எத்தனையோ முறை வாசித்துக் கடந்திருக்கிறேன். தொழில் பாசமோ என்னவோ, வாத்தியாரை மட்டும் சும்மா விட்டிருந்தேன்.

பலகையைத் துடைத்துவிட்டு, பாடத்திட்டத்தில் யாரும் கேள்வியே கேட்காத ஓரிடத்துக்குப் போனேன். செதாவின் மாமியார் பேபி சக்ஸ். மகன் ஐந்து ஆண்டு ஞாயிற்றுக்கிழமைகளை உழைப்பாகக் கொடுத்து அவளை மீட்கிறான். விடுதலையாகும் நாளில் தன் கைகளைப் பார்த்து, இவை என்னுடையவை என்று உணர்கிறாள். தன் இதயம் துடிப்பதை அன்றுதான் கவனித்து வாய்விட்டுச் சிரிக்கிறாள். அதுவரை தன்னை ஏன் ஜென்னி என்று கூப்பிட்டீர்கள் என்று எஜமானிடம் கேட்கிறாள். விற்பனைச் சீட்டில் அப்படித்தான் இருந்தது என்கிறார். சக்ஸ் என்பது கணவன் பெயர். பேபி அவன் கூப்பிட்டது. ஜென்னியே நல்ல பெயர் என்று எஜமான் அறிவுரை சொல்லியும் அவள் மாற்றிக்கொள்ளவில்லை. பெயரை மாற்றினால், தப்பிப் போன கணவன் எப்படித் தேடி வருவான்?

மணி அடித்தது. யாரும் பையைத் தூக்கவில்லை.

“வந்தானா, சார்?” என்றாள் அந்த மாணவி.

“இல்லை” என்றேன்.